24 மணி நேரத்தில் மூன்று நிமிட ஒலிப்படைப்பு: வானொலித் தயாரிப்பாளர்களுக்கான முழு வழிகாட்டி

வானொலிக்காரர்களுக்கு வைக்கப்படும் ஆடியோ சவால்கள் ஏறக்குறைய ஒரே அமைப்பில்தான் இருக்கும். ஒரு கருப்பொருள், இரண்டு மூன்று விதிகள், ஒரு கெடு. அமெரிக்காவில் கே.சி.ஆர்.டபிள்யூ வானொலி நடத்திய 24 மணி நேர ரேடியோ ரேஸ் இந்த வகைதான். சமூக வானொலிப் பயிற்சிகளில் நாங்கள் கொடுப்பதும் இதையேதான், கொஞ்சம் சுருக்கி.

புதிதாக வருகிறவர்கள் இதில் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்தால், மைக்கோ சாஃப்ட்வேரோ காரணமாக இருப்பது அபூர்வம். வேலையின் வரிசை தப்பிப்போவதுதான் காரணம். முதலில் பின்னணி இசையைத் தேடுவார்கள், அப்புறம் ஒரு மணி நேரம் பேட்டி எடுப்பார்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அந்த ஒரு மணி நேரத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது உறைக்கும். அதனால் இந்த வழிகாட்டியை வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு சவாலை வைத்துக்கொள்வோம். கருப்பொருள்: காத்திருப்பு. நீளம்: மூன்று நிமிடம். விதிகள்: தொகுப்பாளர் குரல் கூடாது, இசை கூடாது, ஏதாவது ஒரு இயந்திரச் சத்தம் இருந்தே ஆக வேண்டும்.

1. முந்தைய நாளே முடித்துவைக்க வேண்டியவை

கருப்பொருள் கைக்கு வந்த பிறகு ஒரு நிமிடம்கூட கருவியோடு மல்லுக்கட்டக் கூடாது. ரெக்கார்டரின் பேட்டரி, கூடவே ஒரு மாற்று பேட்டரி, காலியான மெமரி கார்டு, ஹெட்ஃபோன், காற்றைத் தடுக்கும் பஞ்சு உறை அல்லது ஃபர் உறை. இவ்வளவு போதும். ரெக்கார்டர் இல்லையென்றால் போனே போதும், ஆனால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவத்தில் பதிவாகிற ஒரு ஆப்பை முன்கூட்டியே போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். போனை ஃபிளைட் மோடில் வைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், நல்ல வாக்கியத்தின் நடுவில் கால் வந்தால் அந்த வாக்கியம் போச்சு.

பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. இடம் பிடிக்கும். எம்.பி.3-யில் பதிவு செய்தால் இடம் மிச்சம், ஆனால் அது ஏற்கெனவே பாதி ஒலியைத் தூக்கி எறிந்த கோப்பு, எடிட் செய்து மறுபடி எம்.பி.3 ஆக்கும்போது இன்னும் கெடும்.

எடிட் செய்ய ஆடாசிட்டி இலவசம், ரீப்பர் இன்னும் வசதி. எது தெரியுமோ அதில் செய்யுங்கள். சவால் நடக்கிற நாள் புது மென்பொருள் கற்றுக்கொள்கிற நாள் இல்லை.

2. விதிகளைத் தாளில் எழுதி, நேரத்தைப் பங்கு போடுங்கள்

விதிகளை வாட்ஸ்அப்பில் ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் கடைசியில் மூன்று நிமிடம் இருபது விநாடி நீளத்துக்குக் கொண்டுவந்து நிற்பார்கள். தாளில் எழுதி ரெக்கார்டர் பையிலேயே வையுங்கள்.

ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அது உங்கள் வேலையை எப்படி மாற்றுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். 'தொகுப்பாளர் குரல் கூடாது' என்றால், இடம், ஆள், நடப்பது என்ன என்று எல்லாவற்றையும் பேசுகிறவரே சொல்லியாக வேண்டும் என்று அர்த்தம். அப்படியானால் நீங்கள் கேள்வி கேட்கிற விதமே மாற வேண்டும். இதைப் பதிவு முடிந்து வீட்டுக்கு வந்தபின் கண்டுபிடித்தால் திரும்பப் போவதைத் தவிர வழியில்லை.

நேரம்: இடமும் ஆளும் முடிவு செய்ய இரண்டு மணி நேரம், பதிவுக்கு மூன்று, கேட்டுக் குறிப்பெடுக்க மூன்று, வெட்டி ஒட்ட நான்கு. பிறகு தூங்குங்கள். காலையில் எழுந்து மிக்ஸ் செய்யுங்கள், அதாவது பேச்சையும் சத்தங்களையும் அளவு பார்த்துச் சேருங்கள். களைத்த காதுக்கு எல்லாமே சரியாக இருப்பது போலத்தான் கேட்கும், அதனால் தூக்கத்தையும் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிடுகிறேன்.

3. கருப்பொருளுக்குச் சத்தம் இருக்கிற இடத்தைத் தேடுங்கள்

காத்திருப்பு என்றதும் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுவார்கள். இரண்டிலும் காத்திருப்பு கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் மைக்கை நீட்டினால் கிடைப்பது ஒரே மாதிரி இரைச்சல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், இங்கே ஒருவர் எதற்காகவோ காத்திருக்கிறார் என்று புரிய வேண்டும். அதுதான் தேர்வுக்கான அளவுகோல்.

என் தேர்வு சைக்கிள் பஞ்சர் கடை. அங்கே வேலைக்கு ஒரு வரிசை உண்டு, ஒவ்வொரு படிக்கும் தனிச் சத்தம் உண்டு. டயரை நெம்பி எடுப்பது, டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் முக்கும்போது ஓட்டையிலிருந்து கிளம்பும் குமிழ், உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷன் தடவுவது, அது காய்கிற வரை சும்மா உட்கார்ந்திருப்பது, பேட்ச் வைத்துச் சுத்தியலால் தட்டுவது, கடைசியாகக் காற்று நிரப்புவது. சொல்யூஷன் காயாமல் ஒட்டினால் பேட்ச் நிற்காது. அந்தச் சில நிமிடம் கடைக்காரருக்கும் வேலையில்லை, சைக்கிள்காரருக்கும் வேலையில்லை. நமக்கு வேண்டிய காத்திருப்பு வேலைக்குள்ளேயே இருக்கிறது, இயந்திரத்துக்கு கம்ப்ரஸரும் இருக்கிறது. டியூப்லெஸ் டயராக இருந்தால் ஸ்ட்ரிப்பைச் சொருகி உடனே அனுப்பிவிடுவார்கள், கதையும் அத்தோடு முடிந்துவிடும், அதனால் சைக்கிள் அதிகம் வருகிற கடையாகப் பாருங்கள்.

ஒரு செயல், அதற்குத் தொடக்கம், நடுவில் ஒரு தடை, ஒரு முடிவு. இந்த மூன்றும் உள்ள இடம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. படைப்பு உள்ளூர் சமூக வானொலியில் போகப்போகிறது என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: அங்கே சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை, அதனால் அரசியல் செய்தி வாடை அடிக்கிற கோணத்தைத் தேர்வுசெய்து உழைப்பை வீணாக்க வேண்டாம்.

4. பட்டனை அழுத்துவதற்கு முன் கேளுங்கள்

கடைக்காரரிடம் முதலில் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்குங்கள்: எதற்காக, எங்கே ஒலிபரப்பாகும், பெயர் வரலாமா. அவர் சம்மதிப்பதைப் பதிவிலேயே ஒரு வரியாக வாங்கிவைத்துக்கொண்டால் பின்னால் சிக்கல் வராது.

அப்புறம் ஹெட்ஃபோன் மாட்டி, பதிவு செய்யாமல், பத்து நிமிடம் வெறுமனே கேளுங்கள். நம் காது கேட்க விரும்பாததைத் தானே ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. பக்கத்து டீக்கடை ரேடியோ, தலைக்கு மேல் ஓடுகிற ஃபேன், ஃபிரிட்ஜ் முனகல் எல்லாம் ஹெட்ஃபோனில்தான் தெரியவரும். டீக்கடையில் சினிமாப் பாட்டு ஓடினால் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், 'அண்ணே, ஒரு பத்து நிமிஷம்' என்றால் யாரும் மறுப்பதில்லை. பேச்சுக்குப் பின்னால் பாட்டு ஓடுகிற பதிவை வெட்டவே முடியாது, எங்கே வெட்டினாலும் பாட்டு தாவும்.

கம்ப்ரஸர் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓடுகிறது, எப்போது தானாக நிற்கிறது என்பதையும் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

5. முதலில் சத்தங்கள், பிறகுதான் பேச்சு

ஏறக்குறைய எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பேட்டியை முடித்து, நன்றி சொல்லி, கிளம்பும்போது 'கொஞ்சம் சத்தமும் எடுத்துக்கிறேன்' என்று அரை நிமிடம் எடுப்பார்கள். எடிட்டில் அந்த அரை நிமிடத்தையே நான்கு தடவை ஒட்டியிருப்பார்கள், கேட்கிறவருக்கு அதே சைக்கிள் மணி நான்கு முறை அடிக்கும்.

ஒவ்வொரு சத்தத்தையும் மூன்று தூரத்தில் எடுங்கள்: கையெட்டும் தூரத்தில், சில அடி தள்ளி, சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து. உப்புத்தாள் டியூபில் உரசுவதைக் கிட்டே எடுத்தால் அது என்னவென்றே புரியாது, அந்தப் புரியாமை தொடக்கத்துக்கு ரொம்பப் பயன்படும். தூரத்தில் எடுத்தது இடத்தைக் காட்டும். ஒரு தூரத்தில் மட்டும் எடுத்தால் படைப்பு முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற உணர்வுதான் வரும்.

குறைந்தது ஒரு நிமிடம், மைக்கை ஆட்டாமல், பிடியில் விரலை நகர்த்தாமல். தொடங்கும்போது வாயாலேயே சொல்லிவிடுங்கள்: 'தண்ணித் தொட்டி, கிட்ட.' இரவில் நாற்பது கோப்புகளைத் திறந்து எது என்ன என்று தேடுகிற வேலையை இந்த மூன்று சொல் மிச்சப்படுத்தும்.

ஒலி அளவு (ரெக்கார்டர் மீட்டரில் 0 தான் உச்சி): பேச்சு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி ஓடட்டும், உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்ட வேண்டாம். சுத்தியல் அடிக்குத் தனியாக அளவைக் குறைத்து ஓர் அடி ஒத்திகை பாருங்கள். தாழ்வாகப் பதிந்ததைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் உச்சியில் முட்டி வெடித்ததை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது.

கடைசியாக, யாரும் பேசாமல், எந்த வேலையும் நடக்காமல், அந்த இடத்தின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் எடுங்கள். பேச்சில் வெட்டிய இடங்களில் விழும் ஓட்டைகளை அடைக்க இதுதான் பயன்படும். இதை மறந்து வந்தவர்கள், வெட்டிய இடத்தில் ஒலி சட்டென்று அறுந்து மறுபடி முளைப்பதை மறைக்க இசையைத் தேடுவார்கள். நம் சவாலில் இசைக்கு இடமே இல்லை.

6. பேச வைப்பது

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேருக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்வாக. 'பஞ்சர்', 'பம்ப்', 'பத்து ரூபா' என்று ப-வில் தொடங்கும் சொற்கள் இந்தக் கடையில் கொட்டிக் கிடக்கும், நேரே பிடித்தால் ஒவ்வொரு ப-வும் மைக்கில் காற்றாக மோதும்.

தமிழில் பதில் சொல்லும்போது எழுவாயை விட்டுவிடுவோம். 'எவ்ளோ நாளா கடை வெச்சிருக்கீங்க?' என்று கேட்டால் 'அது ஆச்சு, இருபது வருஷம்' என்று வரும். கேள்வியை நீக்கிவிட்டால் இந்தப் பதிலுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. தொகுப்பாளர் குரல் கூடாது என்ற விதியில் பாதிப் பேர் அடிவாங்குவது இங்கேதான். அதனால் கேள்வியாகக் கேட்காமல் வேலையைச் சொல்லச் சொல்லுங்கள்: 'அண்ணே, இந்தக் கடை ஆரம்பிச்ச கதையச் சொல்லுங்க', 'இப்ப கையில என்ன பண்றீங்க, பண்ணிக்கிட்டே சொல்லுங்க.' கை வேலையில் இருக்கும்போது பேச்சு இயல்பாக வரும், கூடவே சத்தமும் வரும்.

அடுத்தது, உம் கொட்டாதீர்கள். ஒருவர் பேசும்போது 'ம்ம்', 'ஆமாண்ணே', 'அப்படியா' என்று சொல்வது நமக்கு மரியாதை, ஊறிப்போன பழக்கம். ஆனால் அது அவருடைய வாக்கியத்தின் மேலேயே பதிந்துவிடும், பிரிக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள், கண்ணைப் பார்த்துச் சிரியுங்கள், அவருக்கு அது போதும்.

சொல்யூஷன் காய்கிற நேரம் வந்ததும் நீங்களும் வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனத்தை நிரப்ப வேண்டும் என்ற பதற்றம் உங்களுக்கு வரும். விடுங்கள். அவராகவே ஏதாவது சொல்வார், அல்லது சைக்கிள்காரர் நேரத்தைக் கேட்பார், அல்லது ஒன்றுமே நடக்காது. மூன்றுமே உங்களுக்கு வேண்டியதுதான்.

சத்தம், பேச்சு எல்லாம் சேர்த்து மொத்தப் பதிவு முக்கால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். இதை நான் கறாராகச் சொல்வேன், ஏனென்றால் அதற்கு மேல் எடுத்ததை இந்தக் கெடுவுக்குள் யாரும் முழுசாகக் கேட்பதில்லை.

7. எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள்

வந்ததும் கோப்புகளை இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள், அப்புறம்தான் மற்ற வேலை. எடிட் மென்பொருளை இன்னும் திறக்க வேண்டாம். ஒரு நோட்டில் நேரமும் உள்ளடக்கமும் எழுதிக்கொண்டே கேளுங்கள். இப்படி இருந்தால் போதும்:

04:12 'காஞ்சாத்தான் ஒட்டும், அவசரப்பட்டா திரும்பி வருவீங்க' (நட்சத்திரம்)
06:40 கம்ப்ரஸர் ஓடி நிற்கிறது, பிறகு காகம்
09:05 மகனின் படிப்பு பற்றி, நீளம், வேண்டாம்

சொல்லப்பட்டபடியே எழுதுங்கள், எழுத்துத் தமிழுக்கு மாற்றாதீர்கள். 'காய்ந்தால்தான் ஒட்டும்' என்று திருத்தி எழுதிவைத்தால், எங்கே வெட்டலாம் என்பது தாளைப் பார்த்துத் தெரியாது.

8. தாளிலேயே எடிட் செய்யுங்கள்

நட்சத்திரம் போட்ட வரிகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி மேசையில் பரப்புங்கள், சத்தங்களை வேறு நிறத்தில். மூன்று நிமிடத்துக்குள் ஏழெட்டுப் பேச்சுத் துண்டுகளுக்கு மேல் அடங்காது. எது இல்லாமலும் நடக்கும் என்று ஒவ்வொரு சீட்டையும் எடுத்துப் பாருங்கள்.

முடிவை முதலில் தீர்மானியுங்கள். எதில் முடியப்போகிறோம் என்று தெரிந்தால்தான் எதை விடலாம் என்பது தெரியும். இந்தக் கதையில் எனக்கு முடிவு, சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுச் செயின் சுழல்கிற சத்தம் தூரம் போவது. அப்படியானால் கடைக்காரரின் தத்துவப் பேச்சு எதுவும் கடைசியில் வரத் தேவையில்லை.

தொடக்கத்துக்கு ஹாரன் வேண்டாம். புதியவர்களின் படைப்புகள் பெரும்பாலும் ஹாரனில்தான் தொடங்குகின்றன, அது எந்தத் தெருவாகவும் இருக்கலாம். கிட்டே எடுத்த உப்புத்தாள் உரசலில் தொடங்கினால் 'என்ன சத்தம் இது?' என்று கேட்பவர் காதைக் கொடுப்பார். பத்து விநாடிக்குள் கடைக்காரர் குரல் வந்து அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் சொன்னால் போதும்.

நடுவில் கம்ப்ரஸர். அது கிளம்பி எல்லாப் பேச்சையும் விழுங்கட்டும், பிறகு நிற்கட்டும். நின்றவுடன் வருகிற அமைதிதான் சொல்யூஷன் காய்கிற நேரம். இயந்திரச் சத்தம் வேண்டும் என்ற விதியை ஒப்புக்கு நிறைவேற்றாமல் அதையே திருப்புமுனையாக்குவது இப்படித்தான்.

9. வெட்டி ஒட்டுவது

முதலில் பேச்சு மட்டும். சத்தங்களைச் சேர்க்காமல், பேச்சுத் துண்டுகளை வரிசைப்படுத்தி, கதை நிற்கிறதா என்று பாருங்கள். சத்தத்தைச் சேர்த்துவிட்டால் பலவீனமான வரிசையும் நன்றாக இருப்பது போலத் தோன்றும். பேச்சு மட்டும் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் இன்னும் குறையுங்கள், சத்தத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

பேச்சுத் தமிழை வெட்டுவதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, வாக்கியத்தின் கடைசி அசை தணிந்து போகும். 'வந்துருவாங்க' என்பதில் 'ங்க' கிட்டத்தட்ட மூச்சாகத்தான் இருக்கும், அலைவடிவத்தில் தட்டையாகத் தெரியும். கண்ணை நம்பி வெட்டினால் மரியாதை போய் 'வந்துருவா' என்று நிற்கும். இரண்டாவது, சொற்கள் ஒட்டிக்கொள்வது. 'காஞ்சாத்தான்' என்பதில் 'காஞ்சா'வோடு நிறுத்த முடியாது, ஒரு 'த்' தொங்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சொல் முன்னே போய், மூச்சு இழுக்கிற இடத்தில் வெட்டுங்கள்.

மூச்சுகளை எல்லாம் நீக்காதீர்கள், மூச்சே இல்லாத பேச்சு கேட்பவருக்கு மூச்சுமுட்டும். ஒவ்வொரு வெட்டிலும் 10 முதல் 20 மில்லிவிநாடி ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றுவது, இறக்குவது) போட்டால் 'டிக்' சத்தம் வராது. ஓட்டைகளில், வெறும் ஒலியாக எடுத்துவந்த அந்த ஒரு நிமிடத்தைப் பரப்புங்கள்.

10. மிக்ஸ்: காலையில், பொறுமையாக

பேச்சை முதலில் சமப்படுத்துங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போட்டாலே காற்று, லாரி உறுமல் பெரும்பகுதி போய்விடும். மின்சார முனகல் இருந்தால் அது 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் உட்கார்ந்திருக்கும், அந்த இடங்களை மட்டும் குறுகலாகக் குறையுங்கள். இரைச்சல் நீக்கும் கருவியைக் கொஞ்சமாக மட்டும் பயன்படுத்துங்கள். அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல ஆகிவிடும், அதைவிடக் கொஞ்சம் இரைச்சல் எவ்வளவோ மேல்.

சத்தம் முந்தட்டும், பேச்சு பிந்தட்டும். தண்ணீர்த் தொட்டியின் சத்தம் இரண்டு மூன்று விநாடி ஓடியபின் அதைப் பற்றிய பேச்சு வந்தால், கேட்பவர் தானே கண்டுபிடித்த உணர்வோடு கேட்பார். 'இப்ப தண்ணில முக்குறேன்' என்று கடைக்காரர் சொல்லி, அதன்பின் சத்தம் வந்தால் அது வெறும் சாட்சி.

பேச்சுக்குக் கீழே போகும் ஒலியைத் திடீரென்று இறக்காமல் ஒரு விநாடி எடுத்துச் சரிய விடுங்கள். எவ்வளவு இறக்குவது என்பதற்குச் சூத்திரம் தேடாதீர்கள், ஹெட்ஃபோனைக் கழற்றி, போன் ஸ்பீக்கரில் போட்டு, அறையின் மறுமுனையில் நின்று கேளுங்கள், ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும். ஒருமுறை மோனோவிலும் கேட்டுவிடுங்கள், நிறைய ரேடியோப் பெட்டிகளுக்கு ஒரே ஸ்பீக்கர்தான்.

11. அடுத்தவர் ஒலி

இந்தச் சவாலில் இசை இல்லை, ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும். சில விநாடிதான் போட்டேன், உரிமைப் பிரச்சினை வராது என்ற நம்பிக்கை எல்லா இடத்திலும் உலவுகிறது. சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் கிடையாது. ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒலி எடுத்தால் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் பாருங்கள்: சிலவற்றை எதற்கும் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும், சிலவற்றை வணிக நோக்கில் தொடக் கூடாது.

12. அளவு, கோப்பு, அனுப்புதல்

ஏற்றுமதிக்கு முன் உரப்பளவைப் பாருங்கள். பாட்காஸ்டாக இணையத்தில் போவதற்கு மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ் (உரப்பளவை அளக்கும் அலகு) என்பது பரவலான வழக்கம். ஐரோப்பிய ஒலிபரப்பின் ஈ.பி.யு ஆர் 128 தரம் மைனஸ் 23. உங்கள் நிலையத்தில் என்ன அளவு என்று பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆடாசிட்டியில் இதற்கென்றே லவுட்னஸ் நார்மலைசேஷன் என்ற எஃபெக்ட் இருக்கிறது.

வேவ் ஒன்று, எம்.பி.3 ஒன்று எடுத்து, ஏற்றுமதியான கோப்பையே முழுசாக ஒருமுறை கேளுங்கள். எடிட் திரையில் கேட்டது கணக்கில் வராது, மியூட் செய்து மறந்த ட்ராக், கடைசியில் ஒட்டிக்கொண்ட வெற்று நேரம் எல்லாம் இங்கேதான் மாட்டும். நீளம் 2:58 இருக்கட்டும், 3:01 வேண்டாம். கோப்புக்கு 'final_final2' வகைப் பெயர் வைக்காமல் தலைப்பு, தயாரிப்பாளர் பெயர், தேதி வையுங்கள்.

கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்பே அனுப்பிவிடுங்கள், நெட் படுத்துவிட்டால் சமாளிக்க அவகாசம் வேண்டும். அனுப்பியபின் எம்.பி.3-யைக் கடைக்காரர் போனுக்கும் அனுப்புங்கள். பயன்படுத்தாத ஒலிகளை இடம், பொருள், தூரம் எழுதித் தனிக் கோப்புறையில் போட்டுவையுங்கள், அடுத்த சவாலில் ஒரு தண்ணீர்த் தொட்டி தேவைப்படலாம்.